கடைசி ரீலைச் சட்டம் எழுதிய கதை: ஹாலிவுட்டின் அமெரிக்க - ஆசியக் காதல்கள்

1922-இன் கடைசியில் வெளியான 'தி டோல் ஆஃப் தி ஸீ' ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக ஓடும் மௌனப்படம். சீனக் கடற்கரையில் அமெரிக்கன் ஒருவன் கரை ஒதுங்குகிறான். லோட்டஸ் ஃப்ளவர் என்ற இளம்பெண் அவனைக் காப்பாற்றுகிறாள். காதல் வருகிறது, சீன முறையில் கல்யாணமும் நடக்கிறது. ஊருக்கு அவளையும் கூட்டிப்போவேன் என்றவன், நண்பர்களின் பேச்சைக் கேட்டுத் தனியாகக் கப்பலேறிவிடுகிறான். சில ஆண்டுகள் கழித்து வருகிறான், பக்கத்தில் அமெரிக்க மனைவி. லோட்டஸ் ஃப்ளவர் தன் மகனை அந்த மனைவியிடம் ஒப்படைத்துவிட்டுக் கடலுக்குள் நடந்து போகிறாள்.

நாயகியாக நடித்த அன்னா மே வோங்குக்கு அப்போது 17 வயது. லாஸ் ஏஞ்சலிஸில் சலவைக்கடை நடத்திய சீனக் குடும்பத்தில், அமெரிக்க மண்ணிலேயே பிறந்தவர். டெக்னிகலர் நிறுவனத்தின் இருவண்ண முறையில் எடுத்த படம். தனிக் கருவி எதுவும் இல்லாமல் சாதாரண புரொஜெக்டரிலேயே ஓட்ட முடிந்ததால் சினிமாத் தொழில்நுட்ப வரலாற்றிலும் அதற்கு இடம் உண்டு. படத்தின் முடிவுப் பகுதி தொலைந்துவிட்டது. 1985-இல் அதை மீட்டெடுத்தவர்கள், பழைய இருவண்ண கேமரா ஒன்றைக் கொண்டே பசிபிக் கடலில் சூரியன் மறைவதைப் படம்பிடித்துக் கடைசியில் சேர்த்தார்கள். இன்று இணையத்தில் எளிதாகக் கிடைக்கிறது. வோங்கின் முகத்துக்காகவே பார்க்கலாம். அழுகையை அவர் அடக்கும் விதம் நூறாண்டு பழைய நடிப்பாகத் தெரிவதில்லை.

கதை புதிதல்ல. 'மேடம் பட்டர்ஃப்ளை' இசைநாடகத்தின் கதையை ஜப்பானிலிருந்து பெயர்த்துச் சீனாவில் நட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பட்டர்ஃப்ளை எப்படிச் செத்தாள் என்பது தனிக்கதை. அவள் கதையின் வேர், பியர் லோத்தி என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி 1887-இல் எழுதிய நாவல். நாகசாகியில் தற்காலிக மனைவியாக அமர்த்தப்பட்ட பெண், அவன் விடைபெற வரும்போது அவன் கொடுத்த வெள்ளி நாணயங்களை ஒவ்வொன்றாகத் தட்டி, நல்ல காசா கள்ளக்காசா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு அது தொழில். 1898-இல் அமெரிக்கரான ஜான் லூதர் லாங் எழுதிய சிறுகதையில் நாயகி கத்தியை எடுக்கிறாள், ஆனால் குழந்தைக்காகப் பிழைத்து வீட்டைக் காலிசெய்துவிட்டுப் போகிறாள். 1900-இல் டேவிட் பெலாஸ்கோ நியூயார்க் மேடைக்குக் கொண்டுவந்தபோதுதான் அவள் இறந்தாள். 1904-இல் புச்சீனியின் இசைநாடகம் அந்த மரணத்துக்கு நிரந்தரமான இசையைக் கொடுத்துவிட்டது. கைமாறக் கைமாறப் பெண்ணின் ஆயுள் குறைந்துகொண்டே வந்திருக்கிறது.

இதை மேடை மரபு, கண்ணீருக்கான உத்தி என்று சொல்லித் தாண்டிவிடலாம். நான் அப்படி நினைக்கவில்லை. ஹாலிவுட்டில் அமெரிக்க ஆணும் ஆசியப் பெண்ணும் காதலித்த படங்களை வெளியான ஆண்டு வரிசையில் வைத்து, பக்கத்தில் அமெரிக்கத் திருமணச் சட்டங்களையும் குடியேற்றச் சட்டங்களையும் வைத்துப் பார்த்தால், யார் சாக வேண்டும், யார் பிரிய வேண்டும், யார் சேரலாம் என்பதை எழுத்தாளர்களைவிட அதிகமாகச் சட்டமன்றமே தீர்மானித்திருப்பது தெரியும்.

ஹாலிவுட் இருக்கும் கலிஃபோர்னியாவையே எடுத்துக்கொள்வோம். வெள்ளையருக்கும் 'மங்கோலியர்' என்று சட்டம் அழைத்த சீன, ஜப்பானிய இனத்தவருக்கும் திருமண உரிமம் தரக்கூடாது என்று 1880-இலேயே அந்த மாநிலம் விதித்துவிட்டது. 1933-இல் 'மலாய்' இனத்தையும் பட்டியலில் சேர்த்தது. பிலிப்பைன்ஸிலிருந்து வயல்வேலைக்கு வந்த இளைஞர்களைக் குறிவைத்த திருத்தம் அது. கூட்டாட்சி அளவில் 1882-இன் சீனர் விலக்குச் சட்டம் ஏற்கெனவே இருந்தது. அமெரிக்கக் குடிமகனின் சீன மனைவிகூட உள்ளே வர முடியாதபடி 1924-இன் குடியேற்றச் சட்டம் கதவைச் சாத்தியது. 'தி டோல் ஆஃப் தி ஸீ' வெளியான அதே 1922-இல் நிறைவேறிய கேபிள் சட்டம், குடியுரிமை பெறத் தகுதியற்ற அந்நியனை, நடைமுறையில் ஆசியனை, மணக்கும் அமெரிக்கப் பெண்ணின் குடியுரிமையையே பறித்தது. படத்தில் அந்த அமெரிக்கன் மனம் மாறி லோட்டஸ் ஃப்ளவரைக் கலிஃபோர்னியாவுக்குக் கூட்டி வந்திருந்தால், அங்கே அவர்கள் சட்டப்படி கணவன் மனைவியாக ஆகியிருக்கவே முடியாது. வீட்டுக்கு வர முடியாத மருமகளை வைத்துக்கொண்டு திரைக்கதையாசிரியர் என்ன செய்வார்? கடலுக்கு அனுப்பினார்.

சட்டத்துக்கு மேல் சினிமாவின் சொந்தத் தணிக்கை ஒன்றும் இருந்தது. அரசு தலையிடுவதற்குள் நாமே கத்தரித்துக்கொள்வோம் என்று ஸ்டூடியோக்கள் 1930-இல் ஒரு தயாரிப்பு விதித்தொகுப்பை ஏற்றுக்கொண்டன. 1934-இலிருந்து அதற்கான அலுவலகத்தின் தலைவர் ஜோசஃப் பிரீன் அதைக் கறாராக அமல்படுத்தினார். இனக்கலப்பைத் தடைசெய்யும் அந்த விதி வெள்ளையர், கறுப்பர் என்ற இரண்டு இனங்களைத்தான் பெயர்சொல்லிக் குறிப்பிட்டது. ஆசியர் பற்றி எழுத்தில் ஒன்றும் இல்லை. எழுத்தில் இல்லாததையும் சேர்த்தே பயந்தார்கள். அலுவலகம் தடுக்குமோ, தென்மாநிலத் தியேட்டர்காரர்கள் படத்தைத் திருப்பியனுப்புவார்களோ என்ற அச்சமே போதுமாக இருந்தது.

அந்த அச்சத்தின் விலையைக் கொடுத்தவர் அன்னா மே வோங். மார்லீன் டீட்ரிச்சோடு 'ஷாங்காய் எக்ஸ்பிரஸ்' (1932) வரை வந்துவிட்டவர். நடுவில் சலித்துப்போய் ஐரோப்பாவுக்குச் சென்று அங்கேயும் பெயர் வாங்கியவர். திரையில் வரும் சீனர் ஏன் எப்போதும் வில்லனாகவே இருக்க வேண்டும் என்று 1933-இலேயே பேட்டியில் கேட்டவர். எம்ஜிஎம் ஸ்டூடியோ 'தி குட் எர்த்' நாவலைப் படமாக்கியபோது, சீன விவசாயியின் மனைவி ஓ-லான் வேடம் தனக்கு வரும் என்று எதிர்பார்த்தார். விவசாயி வேடம் வெள்ளையரான பால் முனிக்குப் போனது. வெள்ளை நடிகரின் மனைவியாகச் சீன நடிகை வந்தால் சிக்கல் என்பதால்தான் ஓ-லான் வேடம் வெள்ளை நடிகையான லூயிஸ் ரைனருக்குப் போனது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. கதைப்படி இருவருமே சீனர் என்பதை நினைத்துப் பாருங்கள். வோங்குக்கு மிச்சம் வைத்திருந்தது குடும்பத்தைக் கெடுக்கும் ஆசைநாயகி வேடம். மறுத்துவிட்டார். ரைனருக்கு ஆஸ்கார் கிடைத்தது. வோங் கடைசிவரை திருமணம் செய்துகொள்ளாமல் 1961-இல் இறந்தார். 2022-இல் அமெரிக்க அரசு கால் டாலர் நாணயத்தில் அவர் முகத்தைப் பொறித்தது.

இதே ஆண்டுகளில் நடந்த இன்னொன்றையும் சொல்லாமல் போக மனமில்லை. 1935-ஆம் ஆண்டின் சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் பரிந்துரை பெற்ற மெர்ல் ஓபரான், டாஸ்மேனியாவில் பிறந்த வெள்ளைக்காரி என்று உலகம் நம்பியது. உண்மையில் அவர் பம்பாயில் பிறந்து கல்கத்தாவில் வளர்ந்தவர். தாய்வழி வேர் இலங்கையில் இருந்தது. 1939-இல் 'வுதரிங் ஹைட்ஸ்' படத்தில் லாரன்ஸ் ஒலிவியேவின் காதலியாக அவர் நடித்தபோது யாரும் கத்தரியைத் தூக்கவில்லை. வாழ்நாள் முழுக்க அவர் அந்த ரகசியத்தைக் காத்தார். வெளியே தெரிந்தது அவர் இறந்த பிறகு. தணிக்கைக்காரர்கள் தடுக்க நினைத்த கலப்பு அவர்கள் கண்ணெதிரேயே, அவர்கள் கைதட்டலோடு நடந்திருக்கிறது.

உலகப்போர் எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. சீனா கூட்டாளி ஆனதால் 1943-இல் விலக்குச் சட்டம் நீங்கியது. பதிலாகக் கிடைத்த குடியேற்ற ஒதுக்கீடு ஆண்டுக்கு 105 பேர். போர் முடிந்ததும் ஜப்பானில் லட்சக்கணக்கான அமெரிக்கச் சிப்பாய்கள் குவிந்தார்கள். இளைஞர்கள் இருக்கும் இடத்தில் காதலும் இருக்கும் என்பதை எந்த ராணுவ உத்தரவாலும் மாற்ற முடியவில்லை. ராணுவம் திருமணத்துக்கு அனுமதி மறுத்தது, இழுத்தடித்தது, காதலித்தவனை ஊருக்கு மாற்றிவிட்டது. 1945-இன் போர்க்கால மணமகள்கள் சட்டம் ஜப்பானிய மனைவியரைச் சேர்க்கவில்லை. பிறகு குறுகிய காலக்கெடுவோடு திருத்தங்கள் வந்தன. கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம் 1948-இல், பெரெஸ் வழக்கில், கலப்பு மணத் தடையை ரத்து செய்தது. 1952-இன் மக்காரன் - வால்டர் சட்டம் ஆசியர் குடியுரிமை பெறுவதற்கு இருந்த இனத்தடையை நீக்கியது. ஜப்பானுக்கு ஒதுக்கீடு ஆண்டுக்கு 185 பேர்தான் என்றாலும் அமெரிக்கரை மணந்த பெண்கள் அந்தக் கணக்கில் சேராமல் உள்ளே வரலாம். பல்லாயிரம் ஜப்பானியப் பெண்கள் அப்படி வந்தார்கள்.

கேன்சஸிலும் டெக்சஸிலும் நேற்றுவரை 'எதிரி இனம்' என்று போஸ்டர் ஒட்டியவர்களுக்குப் பக்கத்து வீட்டு மருமகளாக ஒரு ஜப்பானியப் பெண் வந்து நிற்கிறாள். கொரியாவில் போர் நடக்கிறது, ஜப்பான் இப்போது கம்யூனிசத்துக்கு எதிரான தளம், நட்பு நாடு. இந்த மாற்றத்தை மக்களுக்கு யாராவது விளக்க வேண்டும். ஹாலிவுட்டுக்கும் அப்போது டிவி போட்டி தலைக்குமேல் நின்றது; அகலத்திரையில் காட்ட வண்ணமயமான வெளிநாடு தேவைப்பட்டது. இரண்டு தேவைகளும் ஒரே இடத்தில் சந்தித்தன.

முதலில் வந்தவற்றில் ஒன்று கிங் விடோர் இயக்கிய 'ஜப்பனீஸ் வார் பிரைட்' (1952). கொரியாவில் காயம்பட்ட சிப்பாய், தனக்குப் பணிவிடை செய்த ஜப்பானிய நர்ஸை மணந்து கலிஃபோர்னியாவின் சலீனாஸில் இருக்கும் பண்ணை வீட்டுக்குக் கூட்டி வருகிறான். அண்ணிக்குப் பொறாமை, பிறந்த குழந்தை பக்கத்துப் பண்ணை ஜப்பானியனுடையது என்று மொட்டைக் கடுதாசி. நம் குடும்பப்பட ரசிகர்களுக்குப் பழகிய சங்கதிகள். படமாக அது சுமார்தான். என்றாலும் பெண் சாகவில்லை, கணவனோடு சேர்கிறாள். சட்டம் மாறிய அதே ஆண்டில் முடிவும் மாறியிருக்கிறது.

அந்தப் படத்தைவிட அதன் நாயகியின் வாழ்க்கை பெரிய படம். ஹாலிவுட் ஷெர்லி யமகுச்சி என்று அறிமுகப்படுத்திய யோஷிகோ யமகுச்சி, மஞ்சூரியாவில் ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்தவர். சீன மொழி சரளமாகப் பேசியதால் ஜப்பானியப் பேரரசின் படநிறுவனம் அவரை லி சியாங்லான் என்ற சீன நட்சத்திரமாக உலவவிட்டது. 1940-இல் வந்த 'சைனா நைட்ஸ்' படத்தில் அவர் ஜப்பானியரை வெறுக்கும் சீனப் பெண். ஜப்பானியக் கப்பல் அதிகாரி ஒருவன் அவளை அறைகிறான். அந்த அறை விழுந்ததும் அவளுக்குக் காதல் பிறக்கிறது. ஆக்கிரமிக்கப்பட்ட சீனாவில் இந்தக் காட்சி எப்படி வலித்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. போர் முடிந்ததும் தேசத்துரோகி என்று சீனாவில் அவரைக் கைதுசெய்தார்கள்; ஜப்பானியக் குடும்பப் பதிவேட்டின் நகல் வந்துசேர்ந்து, இவர் சீனரே அல்ல என்று நிரூபணமானதால் உயிர் தப்பினார். ஆக, ஒரே நடிகை பத்துப் பன்னிரண்டு ஆண்டு இடைவெளியில் இரண்டு பேரரசுகளுக்கு ஒரே வேலையைச் செய்திருக்கிறார். முதலில் ஜப்பானிய வீரனிடம் மயங்கும் சீனப் பெண், அப்புறம் அமெரிக்க வீரனை மணக்கும் ஜப்பானியப் பெண். பிற்காலத்தில் ஜப்பான் மேலவை உறுப்பினராக 18 ஆண்டுகள் இருந்தார். வென்றவன் ஆண், தோற்ற நாடு பெண் என்ற இந்தக் கற்பனை ஹாலிவுட்டின் தனிச்சொத்து இல்லை என்பதற்கு அவர் வாழ்க்கையே சாட்சி.

இந்த வரிசையின் உச்சம் 1957 டிசம்பரில் வந்த 'சயோனரா'. ஜேம்ஸ் மிச்சனரின் நாவல், ஜோஷுவா லோகன் இயக்கம். மார்லன் பிராண்டோ நடித்த மேஜர் க்ரூவர் தென்மாநிலத்துக்காரன், ஜெனரலின் மகன், இன்னொரு ஜெனரலின் மகளோடு கல்யாணப் பேச்சு நடப்பவன். தன்னோடு பணிபுரியும் கெல்லி ஒரு ஜப்பானியப் பெண்ணை மணப்பது அவனுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் மாப்பிள்ளைத் தோழனாகப் போய் நிற்கிறான். பிறகு அவனே பெண்கள் மட்டும் நடிக்கும் நாடகக் குழு ஒன்றின் நட்சத்திரமான ஹனா-ஓகியிடம் விழுகிறான். அவள் அமெரிக்கர்மீது கசப்புள்ளவள். அந்தக் கசப்பைக் காதல் வெல்கிறது.

படத்தில் இரண்டு ஜோடிகள் இருப்பது தற்செயல் அல்ல. பழைய முடிவு ஒரு ஜோடிக்கு, புதிய முடிவு இன்னொரு ஜோடிக்கு என்று பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். கெல்லியை ஊருக்கு அனுப்ப உத்தரவு வருகிறது. கர்ப்பிணி மனைவி கட்சுமியை அழைத்துப்போக அனுமதி இல்லை. இருவரும் சேர்ந்து உயிரை விடுகிறார்கள். சட்டம் விரைவில் மாறப்போகிறது என்ற செய்தி அந்த மரணங்களுக்குப் பிறகு ஜெனரலின் வாயிலிருந்து வருகிறது. பார்வையாளருக்குக் கோபம் வர வேண்டிய இடம் அதுதான், வருகிறது. ஆசியப் பெண்ணின் மரணத்தை விதி என்று சொல்லாமல், அலுவலக உத்தரவின் விளைவு என்று ஒரு பெரிய ஸ்டூடியோ படம் வெளிப்படையாகச் சொன்னது பெரிய விஷயம். 'சயோனரா'வின் குறைகள் எல்லாவற்றுக்கும் பிறகும் அதை நான் மதிப்பது இதற்காகத்தான்.

க்ரூவருக்கும் ஹனா-ஓகிக்கும் நாவலில் பிரிவுதான். படத்தில் நடிக்க பிராண்டோ வைத்த நிபந்தனை அந்த முடிவை மாற்ற வேண்டும் என்பது. இருவரும் மணந்துகொள்ளும் முடிவோடுதான் ஒப்புக்கொண்டார். அந்தத் தென்மாநிலப் பேச்சு நடையும் அவர் பிடிவாதம். (கியோட்டோ படப்பிடிப்பின்போது எழுத்தாளர் ட்ரூமன் கபோட்டி அவரிடம் ஓர் இரவு முழுக்கப் பேச்சுக்கொடுத்து 'நியூயார்க்கர்' இதழில் எழுதிய கட்டுரை, இன்று படத்தைவிட அதிகம் பேசப்படுகிறது.) ஓராண்டுக்கு முன்பு, 1956 டிசம்பரில், தயாரிப்பு விதித்தொகுப்பைத் திருத்தி இனக்கலப்புத் தடையை நீக்கியிருந்தார்கள் என்பதையும் இங்கே சேர்த்து வாசிக்க வேண்டும். ஹனா-ஓகி வேடத்துக்கு லோகன் முதலில் ஆட்ரி ஹெப்பர்னைக் கேட்டார், அவர் மறுத்தார். சியாட்டிலில் பிறந்த ஜப்பானிய - அமெரிக்கரான மீகோ டாகா என்ற புதுமுகத்துக்கு வாய்ப்புப் போனது. நல்லவேளை.

குறைகளும் கண்ணில் குத்துபவைதான். கட்சுமி கணவனுக்கு முதுகு தேய்த்துவிடுகிறாள், குனிந்து வணங்குகிறாள், அவனுக்குப் பிடிக்கும் என்று நினைத்துக் கண்ணை மேலைநாட்டுப் பெண்கள் போல் அறுவை செய்துகொள்ளப் பார்க்கிறாள். அந்தக் கண் விஷயத்தில் கெல்லி கொதித்துப்போவது நல்ல காட்சி. ஆனால் படம் மொத்தமும் அமெரிக்கப் பெண்களிடம் மறைமுகமாக ஒன்று சொல்லிக்கொண்டே இருக்கிறது: புருஷனைக் கவனித்துக்கொள்வது எப்படி என்று இவளைப் பார்த்துக் கற்றுக்கொள். போர்க்காலத்தில் தொழிற்சாலை வேலைக்குப் போன மனைவியரை மீண்டும் அடுக்களைக்கு அனுப்பிக்கொண்டிருந்த பத்தாண்டு அது. ஜப்பானியப் பெண் அந்தப் பாடத்துக்குக் கிடைத்த உதாரணம். க்ரூவருக்குப் பேசிவைத்திருந்த ஜெனரல் மகளுக்கு கபுகி என்னும் ஜப்பானிய மரபு நாடகத்தின் நடிகர் ஒருவர்மீது ஈர்ப்பு வருகிறது. கதவைத் திறந்த படம் உடனே மூடிக்கொள்கிறது. அந்த ஜப்பானியராக நடித்தவரும் மெக்சிகோவில் பிறந்த ரிக்கார்டோ மொண்டல்பான்.

கட்சுமியாக நடித்த மியோஷி உமேகி 1958 மார்ச்சில் சிறந்த துணைநடிகை ஆஸ்காரைப் பெற்றார். நடிப்புக்காக ஆஸ்கார் வாங்கிய முதல் ஆசியப் பெண். ஹொக்கைடோவில் பிறந்து, ஆக்கிரமிப்புக் காலத்தில் அமெரிக்கச் சிப்பாய்களுக்காக ஜாஸ் பாடித் தொழில் தொடங்கியவர். விருதுக்குப் பிறகு வந்தவை அதே மென்மையான பெண்ணின் மறுபதிப்புகள். 1969 முதல் 1972 வரை ஓடிய ஒரு டிவி தொடரில் வீட்டு நிர்வாகி வேடம், அதோடு விலகிவிட்டார். ஆஸ்கார் சிலையில் இருந்த தன் பெயரைச் சுரண்டி அழித்து அதைத் தூக்கியெறிந்துவிட்டார் என்று அவர் மறைந்த பிறகு மகன் சொன்னார். நடிப்புக்கான ஆஸ்கார் இன்னொரு ஆசியப் பெண்ணின் கைக்கு வர 2021 வரை ஆயிற்று. தென்கொரியாவின் யூன் யோ-ஜங்.

ஜப்பானை விட்டு ஹாங்காங்குக்கு வந்தால் இரண்டு படங்கள், இரண்டிலும் வில்லியம் ஹோல்டன். 'லவ் இஸ் எ மெனி-ஸ்ப்ளெண்டர்ட் திங்' (1955) படத்துக்கு மூலம் ஹான் சூயின் எழுதிய தன்வரலாற்று நாவல். சீனத் தந்தைக்கும் பெல்ஜியத் தாய்க்கும் பிறந்த மருத்துவர் அவர். அவர் காதலித்த நிருபர் இயன் மாரிசன், லண்டன் 'தி டைம்ஸ்' பத்திரிகைக்காரர். 1950 ஆகஸ்டில் கொரியாவில் கண்ணிவெடியில் இறந்தார். படத்தில் அவர் அமெரிக்கராகிவிட்டார். 'தி வேர்ல்ட் ஆஃப் சூஸி வோங்' (1960) படத்துக்கு மூலமான ரிச்சர்ட் மேசனின் நாவலிலும் ஓவியன் லோமாக்ஸ் ஆங்கிலேயன்; படத்தில் அவனும் அமெரிக்கன். நட்சத்திரத்துக்காகச் செய்த மாற்றம் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் விளைவைப் பாருங்கள். ஹாங்காங் பிரிட்டிஷ் காலனி. இனத்திமிர் பிடித்தவர்கள், கிளப்பில் முணுமுணுப்பவர்கள் எல்லாரும் ஆங்கிலேயர்கள். சீனப் பெண்ணை மனுஷியாகப் பார்க்கும் ஒரே வெள்ளையன் அமெரிக்கன். அதே அமெரிக்காவில் கலப்பு மணம் பல மாநிலங்களில் குற்றம் என்பதை ஹாங்காங்கின் அழகான மலைச்சரிவுகள் மறைத்துவிட்டன.

1955-இல் ஹான் சூயினாக நடித்தவர் வெள்ளை நடிகை ஜெனிஃபர் ஜோன்ஸ். முடிவில் சாவது ஆண். பெண் மலைமேல் தனியாக நிற்கிறாள். நிஜத்தில் ஹான் சூயின் அங்கேயே நின்றுவிடவில்லை. மலாயாவில் மருத்துவம் பார்த்தார், பிறகு இந்திய ராணுவப் பொறியாளர் கர்னல் வின்சென்ட் ரத்னசாமியைக் கைப்பிடித்தார். அந்தக் காதலின் சாயலில் நேபாளத்தைக் களமாகக் கொண்டு எழுதிய 'தி மவுண்டன் இஸ் யங்' நாவலில் நாயகன் ஓர் இந்தியன். அந்த நாவல் படமாகவில்லை. வெள்ளைக்கார நிருபரை நாயகனாகக் காட்டியவர்களுக்கு இந்தியப் பொறியாளர் ஏன் எடுபடவில்லை என்பதைப் புரிந்துகொள்ள அதிகம் யோசிக்க வேண்டாம்.

சூஸி வோங் சாகவில்லை, பிரியவும் இல்லை. ஹாங்காங்கின் வான் சாய் பகுதியில் பார் ஒன்றில் மாலுமிகளுக்குத் துணையிருக்கும் பெண். கடைசியில் லோமாக்ஸ் அவளை மணக்க முன்வருகிறான். நடித்தவரும் ஹாங்காங்கில் பிறந்த நான்சி க்வான், தந்தை சீனர். நாற்பது ஆண்டுகளில் எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்று பெருமூச்சு விட நினைக்கும்போது இரண்டு காட்சிகள் தடுக்கின்றன. மேல்நாட்டு உடை வாங்கி ஆசையாக உடுத்திவரும் சூஸியைப் பார்த்து லோமாக்ஸ் எரிச்சலாகி, அந்த உடையைக் கிழித்து வெளியே எறிகிறான். அவனுக்குப் பிடித்தது சீன உடையில் இருக்கும் சூஸி. இன்னொரு காட்சியில் ஒரு மாலுமி அடித்த காயத்தை, லோமாக்ஸ் பொறாமையில் அடித்தது என்று தோழிகளிடம் காட்டிப் பெருமைப்படுகிறாள். 1940-இன் 'சைனா நைட்ஸ்' படத்தில் விழுந்த அந்த அறை ஞாபகம் வராமல் இருக்காது. சூஸி உயிரோடு இருக்கலாம், வெள்ளைக்காரனை மணக்கலாம். தனக்குப் பிடித்த உடையை மட்டும் உடுத்தக்கூடாது. சட்டம் விலகிய இடத்தில் புதிய காவல்காரனாக வந்து நின்றது ரசனை. நான்சி க்வானின் பிளவுவைத்த சீன உடை உலகெங்கும் மோஸ்தரானது. அமெரிக்காவில் வளர்ந்த ஆசியப் பெண்களின் ஒரு தலைமுறைக்கு 'சூஸி வோங்' என்பது தெருவில் கேட்கும் கேலிப்பெயரும் ஆனது.

லோகனின் 'சவுத் பசிபிக்' (1958) பற்றி ஒன்றே ஒன்று. இனவெறுப்பு பிறவியில் வருவதில்லை, சொல்லிக்கொடுத்து வருவது என்ற பாட்டு அதில் இருக்கிறது; மேடைநாடகமாக வந்தபோது ஜார்ஜியா மாநில சட்டமன்றத்தினர் அதைக் கண்டித்தார்கள். அத்தனை தைரியமான பாட்டைப் பாடும் லெஃப்டினன்ட் கேபிள் தீவுப் பெண் லியாட்டை மணப்பதற்கு முன் போரில் செத்துப்போகிறான். லியாட்டுக்குப் படத்தில் வசனம் என்று சொல்ல ஏதுமில்லை.

இதுவரை சொன்ன காதல்கள் எல்லாவற்றிலும் ஆண் வெள்ளையன், பெண் ஆசியர். திசையைத் திருப்பினால்? மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். 1915-இல் 'தி சீட்' படத்தில் வெள்ளைப் பெண்ணுக்குச் சூடுபோடும் ஜப்பானிய வணிகனாக செஸ்யு ஹயகாவா நடித்தார். பெண் ரசிகைகள் கொண்டாடினார்கள், ஜப்பானிய - அமெரிக்கர்கள் கொதித்தார்கள். முதல் உலகப்போரில் ஜப்பான் கூட்டாளி என்பதால் 1918 மறுவெளியீட்டில் அந்தப் பாத்திரத்தை எழுத்து அட்டை மூலம் பர்மாக்காரனாக்கிவிட்டார்கள். 1933-இல் ஃபிராங்க் காப்ரா 'தி பிட்டர் டீ ஆஃப் ஜெனரல் யென்' எடுத்தார். வெள்ளைப் பெண்ணிடம் மனதைப் பறிகொடுக்கும் சீன ஜெனரல், நடித்தவர் ஸ்வீடன்காரர். அவரும் கடைசியில் நஞ்சு கலந்த தேநீரைக் குடிக்கிறார்.

வெளியே, நிஜத்திலும் அதே கணக்குதான். ஜெனிஃபர் ஜோன்ஸும் ஹோல்டனும் மலைமேல் முத்தமிட்ட அதே 1955-இல், வெர்ஜீனியாவில் ஒரு சீனக் கப்பல் தொழிலாளிக்கும் வெள்ளைப் பெண்ணுக்கும் நடந்த திருமணம் செல்லாது என்று அந்த மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நைம் வழக்கு என்று அதற்குப் பெயர். அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைத் தொடாமல் நழுவியது. பள்ளிகளில் இனப்பிரிவினையை ரத்து செய்த தீர்ப்பின் சூடு ஆறாத நேரம். இன்னொரு தீயைக் கிளப்ப நீதிபதிகள் விரும்பவில்லை. மிச்சமிருந்த 16 மாநிலங்களின் தடைகள் 1967-இல் லவ்விங் வழக்கில்தான் வீழ்ந்தன.

அந்த இடைவெளியில் துணிந்து எடுத்தவர் சாமுவேல் ஃபுல்லர். 'தி கிரிம்சன் கிமோனோ' (1959) ஒரு கொலைவழக்குப் படம். கொரியப் போரில் ஒன்றாக இருந்த இரண்டு லாஸ் ஏஞ்சலிஸ் துப்பறிவாளர்கள், ஒருவர் வெள்ளையர், ஒருவர் ஜப்பானிய - அமெரிக்கர். இருவருக்கும் ஒரே வெள்ளைப் பெண்மீது காதல். அவள் தேர்ந்தெடுப்பது ஜேம்ஸ் ஷிகேட்டா நடித்த ஜப்பானிய - அமெரிக்கரை. வெள்ளை நாயகனைக் கொஞ்சம் கெட்டவனாகக் காட்டக்கூடாதா, அப்போது அவள் தேர்வு மக்களுக்குப் புரியுமே என்று ஸ்டூடியோவில் கேட்டதாக ஃபுல்லர் பிற்காலத்தில் எழுதினார். அவர் மாற்றவில்லை. நல்லவன் இருவரில் ஒருவனை அவள் விரும்புகிறாள், அவ்வளவுதான் என்றார். படத்தை விற்றவர்கள் என்னவோ, அழகான அமெரிக்கப் பெண் ஜப்பானியப் பையனின் அணைப்பில் என்று வியப்புக்குறி போட்டுத்தான் விளம்பரம் செய்தார்கள்.

இந்த வரிசையில் ஒரே ஒரு படம் பார்க்க நேரமிருக்கிறது என்பவருக்கு 'சயோனரா'வுக்கு முன்னால் இதைத்தான் சொல்வேன். லாஸ் ஏஞ்சலிஸின் ஜப்பானியப் பகுதியான லிட்டில் டோக்கியோவின் தெருக்கள், கடைகள், நினைவிடங்கள் எல்லாம் அதில் சுற்றுலாப் படமாக இல்லாமல் ஆட்கள் வாழும் இடங்களாக வருகின்றன. ஷிகேட்டாவின் பாத்திரத்துக்கு வரும் கோபமும் சந்தேகமும் வேறு எந்த ஹாலிவுட் படமும் அக்காலத்தில் ஆசிய ஆணுக்குக் கொடுக்காதவை. ஹவாயில் பிறந்த ஷிகேட்டா நல்ல பாடகரும்கூட. 1961-இல் 'பிரிட்ஜ் டு தி சன்' படத்தில் அமெரிக்க மனைவியோடு வாழும் ஜப்பானியத் தூதரக அதிகாரியாக மீண்டும் காதல் நாயகனாக வந்தார். அதோடு அந்தக் கதவு சாத்திக்கொண்டது. டிவி தொடர்களில் கௌரவ வேடங்கள், போர்ப் படங்களில் ஜப்பானிய அதிகாரிகள் என்று ஓடியது மிச்சக் காலம். 1988-இல் 'டை ஹார்ட்' பார்த்தவர்களுக்கு அவரை நினைவிருக்கும்: பெட்டகத்தின் ரகசியச் சொல்லைத் தர மறுத்து, படம் சூடுபிடிக்கும் முன்பே சுட்டுக் கொல்லப்படும் நிறுவனத் தலைவர் டகாகி.